பால் சொசைட்டிக்கு, கால்சியம் நமக்கு

எங்கள் கடையில் "சத்து மாத்திரை" என்ற பெயரில் ஒரு மாத்திரை கிடையாது. ஆனால் நாளைக்குப் பத்துப் பெண்களாவது அதைத்தான் கேட்கிறார்கள். "கெறக்கமா வருது தாயி, ஒரு சத்து மாத்திரை குடு." "கைகாலு ஓஞ்சு போகுது மதினி, நல்ல டானிக்காப் பாத்து எடு." எந்தச் சத்து குறைகிறது, ஏன் குறைகிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஏதோ ஒன்று குறைகிறது என்பது மட்டும் தெரியும். முழு அட்டை வாங்கக் காசு பத்தாது. நாலு மாத்திரை வெட்டித் தரச் சொல்வார்கள்.

நான் கூமாப்பட்டிக்காரி. வத்திராயிருப்புப் பக்கம் ஒரு மெடிக்கலில் பதினான்கு வருடமாக மருந்தாளுநர். 2025 ஜூனில் ஒரு இன்ஸ்டாகிராம் ரீல் எங்கள் ஊரை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மலையையும் தென்னந்தோப்பையும் பிளவக்கல் அணைத் தண்ணீரையும் பார்க்க வண்டி வண்டியாக ஆட்கள் வந்தார்கள். நாற்று நட்டு நிமிர்ந்ததும் கண் இருட்டி, வரப்பிலேயே உட்கார்ந்துவிடும் பெண்ணை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் சாயங்காலம் என் கடைக்கு வருவாள்.

மருந்துக் கடைக்காரி இதை எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எந்த வயதில் எந்தப் பெண் எதை வாங்குகிறாள் என்பது கல்லாப் பக்கம் நிற்பவளுக்குத்தான் தெரியும். என் வழக்கு மாத்திரையோடு இல்லை. சில மாத்திரைகள் உயிரைக் காப்பவை. அதைக் கீழே சொல்கிறேன். தட்டில் வைக்காத சோற்றுக்கும், கொடுக்காத ஓய்வுக்கும், செய்யாத பரிசோதனைக்கும் ஈடாக மாத்திரையை நீட்டுவதோடுதான் என் வழக்கு. துணை உணவு என்கிறார்கள். எதற்குத் துணை? முதல் உணவு எங்கே?

வயதுக்கு வந்த பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார்கள். நல்லெண்ணெய், கருப்பட்டி, பச்சை முட்டை. அந்தச் சில நாட்களுக்கு அவள் ராணி. காரணம் கேட்டால் பாட்டிகள் ஒளிக்காமல் சொல்வார்கள்: "இடுப்பெலும்பு கெட்டிப்படணும், நாளைக்குப் புள்ள பெறணும்ல." தலைக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் அழைத்த பிறகு அவள் மறுபடியும் தம்பிக்குப் பின்னால் சாப்பிடுகிறவள். களி அவளுக்கு ஊட்டியதா, அவள் வயிற்றில் என்றோ வரப்போகும் பிள்ளைக்கு ஊட்டியதா என்று யோசித்துப் பாருங்கள்.

அரசும் ஏறக்குறைய இதே வயதில்தான் வந்து சேர்கிறது. பள்ளியில் வாரத்துக்கு ஒரு நீல மாத்திரை. இப்போதைய அளவு 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரை ஆண், பெண் எல்லாருக்கும். நல்ல திட்டம்தான். ஆனால் அதே பள்ளியில் மதிய உணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 2022-ல் வந்த காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளியோடு சரி. அதாவது பதினோராம் வகுப்பில் சேரும் பெண்ணுக்கு அரசு தருவது மாத்திரை. சோறும் முட்டையும் அவள் கணக்கிலிருந்து போய்விட்டன. விடிகாலையில் தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்து, வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வருகிறவள் அந்த மாத்திரையை விழுங்கினால் குமட்டத்தான் செய்யும். ஜன்னல் வழியே எறிந்துவிடுவாள். "மாணவிகளிடம் விழிப்புணர்வு இல்லை" என்று எழுதிக்கொள்வார்கள். அவளுக்கு இல்லாமல் போனது இரண்டு இட்லி.

2023 மார்ச்சில் உதகையில் ஒரு நகராட்சிப் பள்ளியில், யார் அதிகம் விழுங்குவது என்று பிள்ளைகள் போட்டி போட்டு இந்த மாத்திரைகளைத் தின்றார்கள். 13 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். இரும்பு அளவோடு இருந்தால் சத்து, அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. "சத்து" என்று பெயர் வைத்துவிட்டால் அது மிட்டாய் ஆகிவிடுகிறது. வீட்டில் இந்த மாத்திரைகள் டி.வி. ஸ்டாண்டில் குழந்தை கைக்கு எட்டும்படி கிடப்பதைப் பார்க்கிறவள் என்பதால் சொல்கிறேன்.

அடுத்து கர்ப்பம். இங்கே மாத்திரைக்கு முழு ஆதரவு தருகிறேன். கர்ப்பமாக இருக்கும் எந்தப் பெண்ணும் இதைப் படித்துவிட்டு இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. 180 நாள் கர்ப்பத்தில், 180 நாள் பிரசவத்துக்குப் பின் என்பது அரசின் கணக்கு. அதைப் பெண்கள் ஏன் பாதியில் விடுகிறார்கள் என்பதற்கு என்னிடம் வரும் காரணங்கள் மூன்று. மலம் கறுப்பாகப் போகிறது என்ற பயம்; அப்படித்தான் போகும், ஒன்றும் ஆகாது என்று சொல்ல ஆளில்லை. மலச்சிக்கல். மூன்றாவது, மாமியார் காதில் ஓதுவது: "இந்த மாத்திரையத் தின்னா புள்ள கறுப்பாப் பொறக்கும்." ரத்தமில்லாமல் பிரசவத்தில் தாய் செத்தாலும் பரவாயில்லை, பிள்ளை கறுப்பாகிவிடக் கூடாது! இந்த நிறவெறியை அறியாமை என்று செல்லமாகக் கூப்பிடுவதை நிறுத்துவோம்.

இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்தே கொடுத்தனுப்புகிறார்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. டீயும் அப்படியே. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைக் கூட்டத்தில் நிற்கும் பெண்ணுக்குக் கொடுக்க நம் மருத்துவ அமைப்புக்கு வாய்ப்பதில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் 2018-ல் 18,000 ரூபாயாக உயர்ந்தபோது, அதில் 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக மாறியது. சத்துப் பவுடர், பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக். வரவேற்கிறேன். ஆனால் அது முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். மூன்றாவது பிள்ளை பெறுகிறவள் யார்? பெரும்பாலும் ஆண் பிள்ளைக்காகக் கட்டாயப்படுத்தப்பட்டவள், ரத்தம் ஏற்கெனவே வற்றிப்போனவள். அவளுக்கு இல்லை. கிடைத்த பெட்டகமும் அவளுடையதாகவே இருப்பதில்லை. பவுடர் டப்பாவை மூத்த பிள்ளைக்கும் நாத்தனார் பிள்ளைக்கும் கலக்கிக் கொடுத்துவிட்டு, தான் கடைசியில் டம்ளரைக் கழுவிக் குடிக்கும் பெண்களை எனக்குத் தெரியும்.

ஃபோலிக் அமிலத்தின் கதையைக் கல்லூரிப் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். ஜவுளி மில்களில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகள் ஒரு வகைக் கடும் சோகையில் விழுந்துகொண்டிருந்தார்கள். அவர் அவர்களுடைய சாப்பாட்டை ஆராய்ந்தார். அடுத்த வருடம் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்து வேலை செய்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மலிவான ஒரு சாறு அந்தப் பெண்களைத் தேற்றுகிறது என்று 1931-ல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்ததற்கு அப்போது பெயர் இல்லை. 'வில்ஸ் காரணி' என்றார்கள். 1941-ல் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலை என்னும் பொருள்படும் லத்தீன் சொல்லால் 'ஃபோலிக்' என்று பெயரிட்டார்கள். இன்று உலகம் முழுக்கக் கர்ப்பிணிகள் விழுங்கும் ஒரு மாத்திரைக்குப் பின்னால் இந்திய மில் கூலிப் பெண்களின் காலித் தட்டு இருக்கிறது. வில்ஸ் தட்டைப் பார்த்து மருந்தைக் கண்டுபிடித்தார். நாம் மருந்தை வைத்துக்கொண்டு தட்டை மறந்துவிட்டோம்.

இன்னொன்று. குழந்தையின் தண்டுவடம் உருவாகி மூடுவது கருத்தரித்த முதல் நான்கு வாரங்களுக்குள். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பெண்ணுக்கே உறுதியாகத் தெரியும் முன்பே அந்த வேலை முடிந்துவிடுகிறது. அப்படியானால் ஃபோலிக் அமிலம் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறோம், பவுன் பேசுகிறோம். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பெண்ணுக்காக யாரும் கேட்பதில்லை. எப்போது பிள்ளை பெறுவது என்று முடிவெடுக்கும் உரிமை அவளிடம் இல்லாதபோது, 'திட்டமிட்டு முன்கூட்டியே' மாத்திரை சாப்பிடு என்பதும் வெறும் பேச்சு.

கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரை கொடுக்கும் தேசியத் திட்டம் 1970-ல் தொடங்கியது. அரை நூற்றாண்டு கழித்து, 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை. ஆண்களில் 25. தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4. மாத்திரை வேலை செய்யவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. மாத்திரை மட்டும் போதாது என்று அர்த்தம். ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும், ஆணுக்கு 19. நம் வீட்டில் கறிக்குழம்பு வைக்கும் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். ஈரலும் தொடைக்கறியும் யார் தட்டில்? சட்டியில் ஒட்டிய குழம்பில் சோற்றைப் போட்டுப் பிரட்டுவது யார்?

பிரசவ மருந்து, பூண்டுக் குழம்பு, கருவாடு எல்லாம் முடிந்து பிள்ளை நடக்க ஆரம்பித்ததும், பெண்ணுடைய உடம்பு எல்லார் கண்ணிலிருந்தும் மறைந்துபோகிறது. முப்பதுக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவில் அவளுக்குக் களியும் இல்லை, பெட்டகமும் இல்லை. இந்த வயதில் இருப்பவர்கள்தான் என் கடைக்கு அதிகம் வருகிறார்கள். களையெடுப்பு, தென்னந்தோப்பு வேலை, ராஜபாளையத்து நூல் மில், சத்திரப்பட்டி பேண்டேஜ் தறி. லீவு போட்டால் கூலி இல்லை. அதனால் டானிக். அதுவும் ஆகாவிட்டால் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா தெம்பாயிரும்." அரை லிட்டர் ஐந்து சதவீதக் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஒரு பெரிய வாழைப்பழத்தில் இருக்கும் மாவுச்சத்து அவ்வளவுதான். நரம்பில் ஊசி குத்தி, படுக்கக் கட்டில் கொடுத்து, ஒரு மணி நேரம் யாரும் வேலை ஏவாமல் விடுகிறார்களே, அந்தத் தெம்பு பாட்டிலில் இருந்து வந்ததில்லை என்பது என் சந்தேகம். படுப்பதற்கு அவளுக்கு வேறு சாக்கு கிடைக்கவில்லை.

உறவில் ஒரு அத்தை. ஆறு வருடமாக ஒரே டானிக். மாதவிலக்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று போய்க்கொண்டிருந்தது. "நாப்பதுக்கு மேல அப்படித்தான்" என்று அவரும் நினைத்தார், வீட்டிலும் சொன்னார்கள். கடைசியில் மயங்கி விழுந்து தூக்கிக்கொண்டு போனபோது ஹீமோகுளோபின் 6-க்கும் கீழே. கர்ப்பப்பையில் கட்டி. ஓட்டைக் குடத்தில் ஆறு வருடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். சோகைக்குக் காரணம் குறைந்த சாப்பாடாக இருக்கலாம், கொக்கிப்புழுவாக இருக்கலாம், பி12 இல்லாததாக இருக்கலாம், இப்படி ரத்தப்போக்காகவும் இருக்கலாம். காரணம் தெரியாமல் குடிக்கும் டானிக் நோயை மறைக்கும் திரை. பெண்ணின் வலியையும் களைப்பையும் "சத்துக் குறைவு" என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடுவது எல்லாருக்கும் வசதி. வேலை கொடுப்பவருக்கும் வசதிதான். 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளைச் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் நூறு பேரளவில் பேசியபோது, மாதவிலக்கு வலிக்குப் பெயர் அச்சிடாத மாத்திரைகளைக் கொடுத்து வேலையில் நிறுத்தியது வெளியே வந்தது. அது சத்து மாத்திரை இல்லை. ஆனால் ஓய்வுக்குப் பதில் மாத்திரை என்ற கணக்கு அதேதான்.

மாதவிலக்கு நின்றதும் கால்சியம். எங்கள் ஊரில் பாதி வீட்டில் மாடு உண்டு. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமைக்குப் பின்னால் இந்தப் பக்கத்துப் பெண்கள் வெட்டிய புல்லும் அள்ளிய சாணியும் இருக்கின்றன. பால் கறந்த கையோடு சொசைட்டிக்குப் போகிறது. வீட்டில் நிறுத்துவது டீக்கு ஒரு டம்ளர். ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 1,200 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை என்று ஐ.சி.எம்.ஆர். சொல்வதும் அதே 1,200. மாடு வளர்க்கும் பெண் என்னிடம் வந்து, முழங்கால் வலி தாங்கவில்லை என்று கால்சியம் வாங்கிப் போகிறாள். கணக்குப் பார்த்தால் மில்லிகிராமுக்கு மாத்திரைதான் மலிவு. அதனால்தான் அது ஜெயிக்கிறது. பாலில் உள்ள புரதத்தையும், ஒரு மனுஷியாக உட்கார்ந்து ஒரு டம்ளர் பால் குடிக்கும் சுகத்தையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மார்கழி நோன்புக்குப் பாலையும் நெய்யையும் துறக்கும் ஆண்டாளின் தோழிகள்கூட நோன்பு முடிந்ததும் நெய் வழிய வழியச் சேர்ந்திருந்து சாப்பிட ஆசைப்படுகிறார்கள். ஆண்டாளின் ஊரில் நோன்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்தக் கால்சியமாவது எலும்பைக் காக்கிறதா? அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற 36,282 பெண்களை ஏழு வருடம் தொடர்ந்த ஆய்வின் முடிவு 2006-ல் வந்தது. தினம் 1,000 மில்லிகிராம் கால்சியமும் வைட்டமின் டி-யும் சாப்பிட்டவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை. சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. எலும்பு அடர்த்தி நிஜமாகவே குறைந்தவர்களுக்கு மருத்துவர் எழுதுவது வேறு விஷயம். வயது ஐம்பது ஆகிவிட்டது என்பதற்காகவே ஆயுள் முழுக்க விழுங்குவதைத்தான் சொல்கிறேன்.

இளைய பெண்களுக்கு வேறு கடை திறந்திருக்கிறது. எங்கள் ஊரைப் பிரபலமாக்கிய அதே செல்போனில் முடி வளர பயோட்டின் கம்மி, முகம் வெளுக்க குளூட்டாதயோன், பி.சி.ஓ.டி.க்குப் பவுடர். பயோட்டினைப் பெரிய அளவில் எடுத்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனையே தப்பாகக் காட்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்தது. முடி கொட்டுவதற்குக் காரணமே தைராய்டாக இருந்தால்? இவற்றில் பெரும்பாலானவை உணவு உரிமத்தில் விற்பவை. மருந்து விலைக் கட்டுப்பாடு இவற்றைத் தொடாது. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று சட்டப்படி அச்சடித்திருக்கும். முன்பக்கம் பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். மால்ட் பானங்களுக்கு "ஹெல்த் டிரிங்க்" என்ற பெயரே சட்டத்தில் இல்லை என்று ஒன்றிய அரசு சொல்வதற்கு 2024 ஏப்ரல் வரை ஆனது. நம் அம்மாக்கள் எத்தனை மாதச் சீட்டுப் பணத்தை அதில் கரைத்துக் குடித்திருப்பார்கள்! புரதப் பவுடரைத் தவிர்க்கச் சொல்லி ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டி அடுத்த மாதமே வந்தது. ஒரு டப்பா 600 ரூபாய். அந்தக் காசுக்கு எண்பது முட்டையாவது வரும்.

"அதுக்குத்தான் சொல்றோம், கேப்பை, முருங்கைக்கீரை, உளுந்தங்களி" என்று இந்த இடத்தில் இயற்கை உணவு அண்ணன்மார் கைதட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள் அண்ணே. முருங்கைக்கீரையை உருவுவது யார்? உளுந்தை வறுத்து, திரித்து, கட்டி தட்டாமல் கிண்டுவது யார்? பாட்டி சமையலைப் புகழும் மேடையில் பாட்டியின் தோள்பட்டை வலியைப் பற்றி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. மாத்திரை ஒரு வாய்த் தண்ணீரில் முடிந்துவிடுகிறது; அதற்கு அடுப்பு மூட்ட வேண்டாம். நம் பெண்கள் மாத்திரையைத் தேடுவது முட்டாள்தனத்தால் இல்லை, நேரமில்லாததால். கேப்பைக்களி உடம்புக்கு நல்லது என்றால் வீட்டு ஆண் கிண்டட்டும். சாப்பிட நாங்கள் தயார்.

கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. நவம்பர் 1 கூட்டத்தில் எங்கள் தெருப் பெண்கள் மூன்று கோரிக்கை எழுதிக் கொடுப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் மதியச் சோறும் முட்டையும். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கும், நாற்பதைத் தாண்டியவளுக்கும் வருடத்துக்கு இரண்டு முறை ஹீமோகுளோபின் பரிசோதனை. குறைந்தால் டானிக்கோடு திருப்பி அனுப்பாமல் காரணம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது பிரசவத்துக்கும் பெட்டகம்.

நாலாவதாக ஒன்றைச் சேர்க்கலாமா என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். சொசைட்டியில் பால் ஊற்றும் அட்டை யார் பேரில் இருக்கிறது என்று தெருவில் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தோம். புல் வெட்டுகிறவள், சாணி அள்ளுகிறவள், விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பால் பீச்சுகிறவள் ஒருத்தி. அட்டையில் இருப்பது அவள் வீட்டுக்காரர் பெயர்.